ஒரே ஒரு காலியிடம்

டீ அந்த ஆளுக்கு மட்டும்தான் வந்தது.

பத்து மணி இன்டர்வியூவுக்கு ஒன்பதே காலுக்கே வந்து, சான்றிதழ் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான் லிஃப்ட் மெக்கானிக். தண்ணீர் வேண்டுமா என்றுகூட அவனை யாரும் கேட்கவில்லை. எதிர் நாற்காலியில் நீலச்சட்டை போட்ட ஒருவர் வந்து உட்கார்ந்த இரண்டாவது நிமிடமே, வரவேற்புப் பெண் கப்பை நீட்டி, "சர்க்கரை கம்மியாத்தான் போட்டிருக்கேன்" என்று சிரித்தாள்.

'சிபாரிசு கேஸ் போல.' மெக்கானிக்குக்கு வயிறு எரிந்தது.

இந்த நாட்டுக்கு வந்து ஒன்றரை வருடம். கூட்டி வந்த கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது முதல் பட்டியலிலேயே இவன் பெயர். அதற்கப்புறம் நாற்பத்தொரு விண்ணப்பம், ஒன்பது இன்டர்வியூ. விசா முடிய இன்னும் பத்தொன்பது நாள்தான். அறையில் கூட இருக்கும் மூன்று பேரும் காலையில் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கிளம்பும்வரை, தூங்குகிற மாதிரி போர்வைக்குள்ளேயே கிடப்பான். அந்த பூட்ஸ் சத்தம் கேட்டாலே அவனுக்கு ஆகாது.

நீலச்சட்டைக்காரரின் செல் அடித்தது.

"சொல்லும்மா... உள்ள உக்காந்தா மூச்சு முட்டுது, அதான் வெளிய வந்து உக்காந்திருக்கேன். இன்னும் கையெழுத்துப் போடல. மேனேஜர் பேப்பர் ரெடி பண்ணிட்டிருக்கார். போட்டுட்டா இன்னும் மூணு வருஷத்துக்கு அசைய முடியாது. யோசிக்கிறேன்... அழாத."

அவரும் தமிழ்தான்! மெக்கானிக் காதைத் தீட்டிக்கொண்டான். தமிழைவிட அந்தக் 'கையெழுத்து'தான் அவனைச் சுட்டது. இருப்பது ஒரே ஒரு காலியிடம். ஆளை முன்பே முடிவு செய்துவிட்டு, இவனை ஒப்புக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த ஆளோ, கைக்கு வந்த வேலையை எடுத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று சாவகாசமாக டீ குடித்துக்கொண்டு யோசிக்கிறார்!

"ஊர்லேருந்து வீட்டுக்காரம்மாவா சார்?" என்று மெல்லப் பேச்சுக் கொடுத்தான்.

"ஆமா தம்பி. வந்துடுங்கன்னு ஒரே பிடிவாதம். பதினோரு வருஷமா இங்க கிடக்கேன். பையன் ஒன்பதாவது படிக்கிறான்."

"அப்ப போயிடுங்க சார்."

அவர் நிமிர்ந்தார். "இவ்வளவு சுலபமா சொல்லிட்டீங்க? இத்தனை வருஷம் பாடுபட்டதெல்லாம்?"

"பாடுபட்டது போதும்னுதான் சொல்றேன்." நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். "என்கூட ரூம்ல ஒருத்தன் இருக்கான் சார். மூணு வயசுல அவனுக்கு ஒரு பொண்ணு. போன மாசம் வீடியோ கால்ல அவன் மூஞ்சியப் பாத்துட்டு, 'அம்மா, யாரோ அங்கிள்'னு போனைக் குடுத்துட்டு விளையாடப் போயிட்டா. அன்னைக்கு பூரா அவன் சாப்பிடவே இல்ல."

அறையில் அப்படி யாரும் இல்லை. அது இவன் மகள்தான். குரல் தானாகவே உடைந்தது. இதோடு நிறுத்திக்கொள்ளலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் உள்ளறையில் பிரின்டர் ஓடும் சத்தம் கேட்டது. அந்தக் காகிதத்தில் வேறொருவர் கையெழுத்து விழப்போகிறது.

"உங்க பையனுக்கு இப்பவே மீசை அரும்பியிருக்கும். இன்னும் மூணு வருஷம் கழிச்சுப் போய் நின்னீங்கன்னா, 'வாங்க'ன்னு சொல்லிட்டு ரூமுக்குள்ள போய்க் கதவச் சாத்திப்பான் சார். இங்க உள்ள வேலை எங்க ஓடிடப்போகுது? நீங்க இல்லாட்டி வேற எவனாவது பாத்துட்டுப் போறான்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் மடியிலிருந்த சான்றிதழ் கோப்பைப் பார்த்துக்கொண்டான்.

"என் இடத்துல நீங்க இருந்தா போயிடுவீங்களா தம்பி?"

"சத்தியமா சார். இன்னைக்கே டிக்கெட் போட்டிருப்பேன்."

அவர் டீக் கப்பைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து, இவன் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "வீட்ல எத்தனையோ தடவை சொல்லியும் உறைக்கல. முன்னப்பின்ன தெரியாத நீங்க சொல்லி உறைச்சிருக்கு. நல்லா இருப்பீங்க." கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கிவிட்டார்.

மெக்கானிக் காலரைச் சரிசெய்துகொண்டான். உள்ளுக்குள் உறுத்தாமல் இல்லை. ஆனாலும், ஒரு மனுஷன் பெண்டாட்டி பிள்ளையோடு போய்ச் சேரப்போகிறார், நல்ல காரியம்தானே? வேலை கிடைத்ததும் மனைவியையும் மகளையும் இங்கேயே வரவழைத்துவிடலாம். மனசு அதற்குள் வாடகைக்கு வீடு பார்க்கக் கிளம்பிவிட்டது.

சரியாகப் பத்து மணிக்கு உள்ளறைக் கதவு திறந்தது. ஒரு கையில் காகிதக் கட்டும் இன்னொரு கையில் செல்லுமாக மேனேஜர் வந்தார். "சரிங்க... புரியுதுங்க... அப்ப வாடகை ஒப்பந்தம் வேணாம்னு கட்டடத்துக்காரர்கிட்ட சொல்லிடறேங்க" என்று பேசி முடித்து, கட்டை மேஜைமேல் பொத்தென்று போட்டார். முகத்தில் ஈயாடவில்லை.

மெக்கானிக் துள்ளி எழுந்தான். "குட்மார்னிங் சார். இன்டர்வியூவுக்கு வந்திருக்கேன். நான் மட்டும்தான், வேற யாரும் இல்ல."

மேனேஜர் காலி நாற்காலியைப் பார்த்தார். பிறகு இவனைப் பார்த்தார்.

"இனிமே என்னப்பா இன்டர்வியூ? இவ்வளவு நேரம் இங்க உக்காந்திருந்தாரே எங்க முதலாளி, அவரு கம்பெனியையே மூடிட்டு ஊருக்குப் போறாராம்!"