சரிவில் நிறுத்திய டிராக்டர்

வேலியைத் தாண்டி ஏழு பேர் உள்ளே வந்தார்கள். என்னைக் கேட்கவில்லை.

டிராக்டரைச் சரிவிலேயே நிறுத்தினேன். அதன் பிரேக் வாங்கிய நாளிலிருந்தே சரியாகப் பிடிப்பதில்லை. இருக்கைக்குப் பின்னால் எப்போதும் கிடக்கும் கல்லை எடுத்துப் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தேன். ஒரு பக்கம் ஆப்புபோல் சரிந்த கல். இந்த வேலைக்கென்றே செய்ததுபோல் இருக்கும்.

பிறகு அவர்களை நோக்கி நடந்தேன்.

மே மாதத்து ஞாயிறு. ஆண்கள் மடக்கு மேசைகளைத் தூக்கி வந்தார்கள். ஒருத்தி பொரித்த கோழித் தட்டைத் துணி போட்டு மூடி ஏந்தியிருந்தாள். எல்லோருக்கும் முன்னால் ஒரு வயதான பெண், கை நிறையக் காகிதப் பூக்களுடன்.

என் ஆறு ஏக்கரில் அவர்களுக்கு உல்லாசப் பயணம்.

போன ஜூலையில் நான் வாங்கியபோது இங்கே ஆள் இறங்க முடியாது. இடுப்பளவு புல். தலைக்கு மேல் முள். அதற்காகத்தான் இந்தச் சின்ன டிராக்டரை வாங்கினேன். பனி விழும்வரை விடுமுறை நாள் ஒன்றுகூட மிச்சமில்லாமல் வெட்டினேன். தேவதாரு மரத்தடியில் ஒரு கொடி பாய்போல் படர்ந்திருந்தது. அதற்குள் கற்கள். வரிசையாகக் கிடந்தன. பழைய வேலியின் அடிக்கல் என்று நினைத்தேன். புல்வெட்டியின் பிளேடு இரண்டு முறை உடைந்தது. நிலத்தை விற்றவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கொடியை அறுத்தேன். ஒவ்வொரு கல்லையும் கடப்பாரையால் நெம்பி டிரெய்லரில் ஏற்றினேன். இப்போது மரத்தடியில் ஒரு பந்தை வைத்தால் ஓடைவரை தடையில்லாமல் ஓடும்.

"இது தனியார் நிலம்," என்றேன். "அங்க பலகை வெச்சிருக்கேனே, பார்க்கலையா?"

"பார்த்தோமே. எழுத்து அழகா இருக்கு." மேசை தூக்கி வந்த பெரியவர் சொன்னார். அவர் தொப்பி விளிம்பில் ஹோபர்ட் என்று தைத்திருந்தது. "வெளி மாநிலம், ஒஹையோவுல இருந்து வந்தவர்தானே? நிலத்தைப் பார்த்தாலே தெரியுது. சவரம் பண்ணி வெச்சிருக்கீங்க."

சிலர் சிரித்தார்கள். எனக்குக் காது சூடானது.

"ஷெரீஃபைக் கூப்பிடுவேன்."

"தாராளமா. இதோ முன்னாடி போறாங்களே, ஒலீட்டா அக்கா, அவங்க மருமகன்தான் இங்க போலீஸ் ஷெரீஃபு. கோழின்னா ஓடியாந்துடுவான்."

ஒலீட்டா சிரிக்கவில்லை. மரத்தடியில் போய் நின்றுவிட்டார். பூக்கள் அப்படியே கையில்.

சிரித்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். யாரோ மேசையைக் கீழே வைத்தார்கள், சத்தமில்லாமல்.

"தம்பி, இங்க இருந்த கல்லெல்லாம் எங்க?" என்று கேட்டார் ஒலீட்டா.

என் நிலத்தில் என்னைக் குற்றவாளிபோல் கேட்கிறார். பிளேடு உடைந்ததைச் சொன்னேன். இரண்டாவதும் உடைந்ததைச் சொன்னேன். முதுகு பிடித்துக்கொண்டு ஒரு வாரம் படுத்திருந்ததைச் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது. வீட்டுப் பின்புறத்தைக் காட்டினேன். குளிர் காய்வதற்காக அங்கே ஒரு நெருப்புக் குழி வெட்டி, அந்தக் கற்களைச் சுற்றிலும் பதித்திருந்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டிய வேலை.

"பத்திரத்தைக் கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சீங்களா?" என்றார் ஹோபர்ட். குரலில் இப்போது விளையாட்டு இல்லை. "வருஷா வருஷம் மே மாசம் எங்க கல்லறைகளுக்குப் பூ வெச்சு, இங்கயே சாப்பிட்டுப் போற உரிமை அதுல எழுதியிருக்கு. அந்தக் காலத்துல பேர் வெட்டின கல்லுக்கு நாங்க எங்க போறது? வயல்ல கெடச்ச கல்லை நட்டோம். எது யாருதுன்னு எங்களுக்குத் தெரியும். வேற யாருக்குத் தெரியணும்?"

நான் படிக்கவில்லை.

குழிக்குப் போனோம். கற்களின் உள்பக்கம் கரி பிடித்திருந்தது. ஹோபர்ட் குனிந்து ஒரு கல்லின் தலையில் கை வைத்தார்.

"இது எங்க அம்மா," என்றார் என்னிடம்.

போன கிறிஸ்துமஸ் இரவில் அதன்மேல்தான் நான் கால் நீட்டியிருந்தேன்.

ஒலீட்டா குழியை இரண்டு முறை சுற்றி வந்தார். விரல் விட்டு எண்ணினார்.

"பதினொண்ணுதான் இருக்கு. என் பையனோடதக் காணோம்."



"சின்னக் கல்லு தம்பி. ஒரு செங்கல் அளவுதான். ஒரு பக்கம் சரிஞ்சிருக்கும். அவன் அப்பா ஓடையில எறங்கி, அரை நாள் தேடி எடுத்துட்டு வந்தாரு. பேர் வைக்கறதுக்குள்ளயே போயிட்டான். அவனுக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்."

ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவரும் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

நான் சரிவை நோக்கி நடந்தேன். ஒலீட்டா பின்னால் வந்தார்.

சக்கரத்தின் பக்கத்தில் மண்டியிட்டேன். இரண்டு கையாலும் அசைத்து அசைத்துக் கல்லை உருவினேன்.

டிராக்டர் ஒருமுறை முனகியது. பிறகு மெல்ல ஓடையை நோக்கி உருளத் தொடங்கியது.

அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நானும்.

கல்லை வாங்கிக்கொண்டார். டயர் தடத்தைப் புறங்கையால் துடைத்தார். தடம் போகவில்லை. சட்டைக் கையை இழுத்து இன்னொரு முறை துடைத்தார். அதை மார்போடு அணைத்தபடி மரத்தடிக்குப் போனார்.

இரண்டடி வைத்தார். நின்றார். இடப்பக்கம் ஓரடி. மறுபடி நின்றார்.

எங்கும் ஒரே உயரத்தில் புல்.

கீழே ஓடையில் ஏதோ விழும் சத்தம் கேட்டது.

"எந்த எடத்துல இருந்து எடுத்தீங்க தம்பி?"