உப்பு அதிகம்

"உங்க நாக்கு கெட்டுப் போச்சுக்கா" என்றாள் அதிகாரியம்மா, கையிலிருந்த சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சூப் பொடி கம்பெனியில் ருசி பார்க்கும் அறை அது. ஆறு பேருக்கு அங்கே வேலை, ஆளுக்கொரு தடுப்பு. பொடியை வெந்நீரில் கலக்கிக் கொடுப்பார்கள். குடித்துப் பார்த்து 'சரி', 'உப்பு அதிகம்', 'உப்பு குறைச்சல்' என்று சீட்டில் எழுதி மடித்துக் கொடுக்க வேண்டும். அதிகாரியம்மாவும் குடித்து ஏழாவதாக ஒரு சீட்டு எழுதுவாள்.

அக்கா அங்கே பதினாறு வருஷம். வயசிலும் மூத்தவள். அதனால் எல்லாருக்குமே அக்கா.

"போன ரெண்டு தடவையும் எல்லார் சீட்டுலயும் 'சரி'. உங்க சீட்டுல மட்டும் 'உப்பு அதிகம்'. வீட்டுல அப்படி என்னதான் சாப்பிடறீங்க?"

"எங்க வீட்டுக்காரருக்கு ரத்தக்கொதிப்பு மேடம். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லிட்டார். அவர் தட்டுல வெள்ளரிக்காயும் என் தட்டுல வறுவலுமா இருந்தா, தொண்டையில இறங்குமா? அதான் நானும் ராத்திரிக்குப் பச்சைக் காய்தான். ரெண்டு மாசமாச்சு."

"பச்சையாவா? ஆடு மாதிரியா?" என்றது பக்கத்துத் தடுப்பு. அங்கே இருப்பவருக்குத் தொந்தி என்று பேர். வயிற்றைப் பார்த்தால் காரணம் கேட்க வேண்டாம்.

"ஆட்டுக்குத் தொந்தி பார்த்திருக்கியாடா தம்பி?"

அறை முழுக்கச் சிரிப்பு. அதிகாரியம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"எப்படிக்கா இருக்கும் அது?"

"முதல் வாரம் வைக்கோல்தான் மேடம். மூணாவது வாரம் ஒரு காரட்டைக் கடிச்சேன், இனிச்சுது! சர்க்கரை தொட்ட கையோன்னு கழுவிட்டு வந்து மறுபடி கடிச்சேன். இனிக்குது! தக்காளிக்குள்ள ஒரு துளி உப்பு இருக்குன்னு எனக்கு அம்பது வயசுலதான் தெரிஞ்சுது போங்க."

"எத்தனை நாள்ல தெரிஞ்சுது? சமைச்சதை அடியோட விட்டுட்டீங்களா? கம்பெனி சூப்பை வீட்டுல குடிக்கிறதே இல்லையா?"

இப்படித் துருவித் துருவிக் கேட்டவள், கடைசியில் முகத்தை இறுக்கிக்கொண்டாள்.

"விதி தெரியும் இல்லையா? மூணு தடவை தனியா நின்னா இந்த அறையில இடமில்லை. நாளைக்கு மூணாவது."

விதி தெரியும். இந்த அறையை விட்டால் கீழே பாக்கெட் போடும் கூடம். அங்கே நாள் முழுக்க மிளகுத்தூள் பறக்கும். அக்காவுக்கோ மூச்சிரைப்பு. மாடிப்படி ஏறினாலே நெஞ்சு விசிலடிக்கும்.

அன்று சாயங்காலம் மற்ற ஐந்து பேரும் தண்ணீர்க் குழாயடியில் கூடிக் குசுகுசுத்தார்கள். அக்கா வருவதைப் பார்த்ததும் கப்பென்று வாயை மூடிக்கொண்டார்கள்.

"என்னடா, என்னைத்தானே மெல்லுறீங்க?"

"அக்கா, பேசாம நீங்களும் 'சரி'ன்னு எழுதிடுங்களேன்" என்றார் தொந்தி.

"பதினாறு வருஷமா எனக்குச் சோறு போட்டது இந்த நாக்கு. அது ஒண்ணு சொல்ல, கை ஒண்ணு எழுதணுமா? போடா."

மறுநாள் அதிகாரியம்மாவே பொடியைக் கலக்கிக் கொண்டுவந்தாள். எல்லாரும் குடித்தார்கள். எழுதினார்கள். அவள் ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து வாசித்தாள்.

"உப்பு அதிகம்."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"உப்பு அதிகம்... உப்பு அதிகம்..."

ஐந்து சீட்டும் ஒரே மாதிரி. தொந்தி தடுப்புக்கு மேலே தலையை நீட்டி அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தார்.

ஆறாவது சீட்டு அக்காவுடையது.

"உப்பே இல்லை."

தொந்தியின் தலை தடுப்புக்குப் பின்னால் மெல்ல இறங்கியது.

"இன்னிக்குக் கலக்கினது உப்பு சேர்க்கறதுக்கு முன்னாடியே எடுத்து வச்ச பொடி. ஒரு கல் உப்புகூட இல்லை" என்றாள் அதிகாரியம்மா. "நீங்க அஞ்சு பேரும் எந்த உப்பைக் குடிச்சீங்க?"

தொந்திதான் எழுந்தார்.

"பொய்தான் மேடம். அக்கா 'அதிகம்'னுதான் எழுதுவாங்க, நாமும் அதையே எழுதிட்டா அவங்க தனியா நிக்க மாட்டாங்கன்னு நேத்தே பேசி வச்சோம். குடிச்சா வெறும் வெந்நீர் மாதிரி இருக்கு! இருந்தும் பேசினது பேசினதுதானேன்னு எழுதிட்டோம். கைகொடுக்கிறோம்னு நெனச்சுக் காலை வாரிட்டோமேக்கா!"

அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. தலையில் மாட்டியிருந்த வெள்ளைத் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"விடுடா. விதின்னா விதிதான். மூணு தடவையும் நான் தனி. கீழே எந்த மேஜை மேடம்?"

"உட்காருங்கக்கா."

அதிகாரியம்மா இழுப்பறையைத் திறந்து பழைய சீட்டு இரண்டை எடுத்தாள். இரண்டும் அவள் எழுதியவை. இரண்டிலும் 'சரி' என்று இருந்தது.

"இன்னிக்கு நான் சோதிச்சது உங்க நாக்கை இல்லைக்கா, என் நாக்கை. நான் இங்க வந்து நாலு மாசம்தான். முதல் வாய்லயே எனக்கு உப்புக் கரிச்சுது. வருஷக்கணக்கா குடிக்கிறவங்க 'சரி'ங்கிறாங்களே, கோளாறு என்கிட்டதான் போலன்னு பயந்துட்டேன். உங்க நாக்கு சரின்னா என் நாக்கும் சரி."

பேனாவை எடுத்து, இரண்டு சீட்டிலும் 'சரி'யை அடித்துவிட்டு 'உப்பு அதிகம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"நீங்க ஒரு தடவைகூடத் தனியா இல்லைக்கா. உங்க எல்லார் சீட்டையும் பிரிச்சுப் பார்த்துட்டு, அதுக்கப்புறம்தான் நான் என் சீட்டை எழுதினேன்."