கப்பலுக்கு முன்னே ஒரு புள்ளி

"உன் கருவிக்குக் கடல்காக்கை பறந்தாலும் படகுதான். உங்க அண்ணன் இந்நேரம் கரை ஏறியிருப்பாரு—"

"இல்ல அண்ணி, ஜோடி சேருது, நீங்களே பாருங்க."

துறைமுகக் கண்காணிப்பு அறையின் ஜன்னலில் வெயில் பட்ட மூடுபனி கண்ணைக் கூச வைக்கிறது. கருவியைச் சோதிக்கத்தான் அண்ணன் சின்னப் படகில் அந்தப் பனிக்குள் போயிருக்கிறார். தங்கையின் கருவி ஒளித்துகள்களை இரட்டையாகப் பிறப்பித்து, ஒன்றை இங்கேயே இருத்திக்கொண்டு மற்றதைப் பனிக்குள் அனுப்புகிறது. இத்தனை வெளிச்சக் குழப்பத்திலும், எதிலாவது பட்டுத் திரும்பும் துகளை அதன் இரட்டை அடையாளம் காட்டிவிடுகிறது. திரையில், உள்ளே வரும் கப்பலுக்கு நேர் முன்னே, ஒரு புள்ளி விட்டுவிட்டுத் தெரிகிறது. அண்ணி வயர்லெஸ்ஸை எடுத்து, "கப்பலை நிறுத்துங்க" என்கிறாள். கப்பலின் ஊதல் ஜன்னல் கண்ணாடியை அதிர வைக்கிறது.

"அண்ணி, நிறுத்துன்னு சொன்னதும் நின்னுடுமா அது?"