நூற்றிருபதின் கடைசி ஆள்

அவன் நின்றான்.

பின்னால் வந்த சத்தமும் நின்றது.

மிதிக்காமல் சைக்கிளை ஓடவிட்டால் பின்சக்கரம் போடுமே, அந்தக் கிரகிரவென்ற சத்தம். மூன்று கிலோமீட்டராகக் கூடவே வருகிறது. திரும்பிப் பார்த்தால் வெறும் சரளைப் பாதை. இரண்டு பக்கமும் பனை. அதற்கப்பால் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. மணி மூன்றுகூட ஆகவில்லை. பட்டப்பகலில் பயப்படுவது அவனுக்கு வெட்கமாக இருந்தது.

ஆனாலும் பயந்தான்.

அவனுக்குப் பின்னால் ஆள் இருக்கக் கூடாது.

பந்தயத்தில் அவன்தான் கடைசி ஆள். அதுதான் அவன் வேலை. எல்லோருக்கும் பின்னால் போக வேண்டும். சோர்ந்து உட்கார்ந்தவர்களைத் தேற்றிக் கிளப்ப வேண்டும். திருப்பங்களில் கட்டியிருக்கும் மஞ்சள் அம்பு அட்டைகளை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டே வர வேண்டும். அவன் கடந்துவிட்டால் அந்தப் பாதை மூடிவிட்டது என்று அர்த்தம்.

முப்பது, அறுபது, நூற்றிருபது கிலோமீட்டர் என்று மூன்று தூரங்கள். முப்பதுக்காரர்கள் காலையிலேயே முடித்து, இட்லி சாப்பிட்டு, படம் எடுத்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். மற்ற இரண்டும் பிரிவது சுமைதாங்கிக் கல் அருகே. அங்கே ஒரு மேசை. எந்தத் தூரம் என்று அங்கே வாயால் சொல்ல வேண்டும். சொன்னதைக் குறித்துக்கொள்வார்கள். காலில் தெம்பு இருப்பவர்கள் வலது. இல்லாதவர்கள் இடது.

இந்த வருடம் வலதில் போனவர்கள் இருபத்தாறு பேர்.

இருபத்தாறு பேரும் அவனுக்கு முன்னால் போய்விட்டார்கள்.

அம்பை அவிழ்த்துப் பையில் போட்டான். மறுபடி மிதித்தான்.

கிரகிர.

போன வருடம் நாற்பத்து மூன்றாம் எண் அணிந்த பெண் அந்த மேசையில் அறுபது என்றாள். பெயர் ஜெஸிந்தா. பல் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். அறுபதில் குறித்தார்கள். அவன் வலதில் கிளம்பிப் போன பிறகு அவளுக்கு மனம் மாறியிருக்கிறது. இவ்வளவு தூரம் வந்துவிட்டுச் சின்னப் பாதையில் போவதா என்று நினைத்திருப்பாள். திரும்பி வந்து வலதில் ஏறிவிட்டாள். அதற்குள் மேசையை மடித்துவிட்டார்கள். யாரும் பார்க்கவில்லை.

அம்பு இல்லாத பாதையில் தனியாக வந்தாள்.

இரண்டாம் நாள் கல்குவாரிப் பள்ளத்துத் தண்ணீரில் கிடைத்தாள்.

சொன்னதை மாற்றியது அவள் தப்பு என்றார்கள். அவள் அப்பாவே அதைச் சொல்லித்தான் அழுதார். அவனும் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினான்.

இந்த வருடமும் அவனையே கூப்பிட்டார்கள். பாதை முழுக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஒத்துக்கொண்டான்.

குவாரி முக்கு வந்தது.

நேரே போனால் பந்தயப் பாதை. வலப்பக்கம் குவாரிக்குப் போகும் லாரித் தடம். அதன் குறுக்கே இந்த வருடம் உடைமுள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள்.

அவன் இறங்கி ஓரமாக நின்றான்.

"முன்னால போம்மா."

யாரும் போகவில்லை.

தரையைப் பார்த்தான். முக்கில் சரளை தேய்ந்து மாவு மாதிரிப் புழுதி. முன்னால் போனவர்களின் தடங்களுக்கு மேல் அவனுடைய அகலமான டயர் அச்சு அச்சாகப் பதிந்திருந்தது. அந்தத் தடத்துக்குள்ளேயே, கொஞ்சமும் விலகாமல், மெல்லிய தடம் ஒன்று வந்திருந்தது. அவன் நிற்கும் இடத்துக்கு இரண்டு முழம் பின்னால் அது முடிந்திருந்தது.

அம்பு இல்லாதவள் வேறு எதைப் பார்த்து வருவாள்?

போன வருடம் வெயில் தாங்காமல் அவன் இந்த முக்கில் வலப்பக்கம் திரும்பியிருந்தான். பள்ளத்தில் முகம் கழுவ. ஐந்து நிமிடம். திரும்பும்போது பாறை மேல் ஏறிக் குறுக்கே வந்து பந்தயப் பாதையைப் பிடித்தான். பாறையில் டயர் பதியாது.

அன்று பள்ளத்துக்குப் போன அவன் தடம் இருந்தது. வந்த தடம் இல்லை.

இதை அவனிடம் யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

போன் அடித்தது. பந்தயத்தை நடத்தும் எஸ்தர்.

"அண்ணாச்சி, இருபத்தாறும் வந்தாச்சு. நீங்க மட்டும்தான் பாக்கி. எங்க நிக்கிய?"

"குவாரி முக்குல."

"அங்க என்ன செய்யுதிய?"

புழுதியிலேயே உட்கார்ந்தான்.

"எஸ்தரு, அந்தப் புள்ள தானா வழி தப்பல. என் டயர் தடத்தப் பாத்து வந்திருக்கு. அன்னைக்கு நாந்தான் பள்ளத்துக்குப் போனேன். யார்ட்டயும் சொல்லல. அவ அப்பாட்ட நானே சொல்லுதேன்."



சத்தம் எழுந்தது. அவன் தோளை உரசுகிற மாதிரி நெருங்கி வந்தது. தாண்டியது. முள் போட்டிருந்த பக்கம் திரும்பாமல் நேரே போனது. புழுதியில் மெல்லிய கோடு ஒன்று நீண்டுகொண்டே போவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பயம் போய்விட்டிருந்தது. அழுகைதான் வந்தது.

"அண்ணாச்சி, லைன்ல இருக்கியளா?"

"இருக்கேன்" என்றான். எழுந்து சைக்கிளை நிமிர்த்தினான். "கடிகாரத்த நிறுத்திராத. எனக்கு முன்னால ஒரு ஆளு வருது."