நாச்சிமுத்துவின் கதவுகள்

இந்த ஊரில் என்னை யாரும் கவின் என்று கூப்பிடுவதில்லை. வெளிநாட்டில் மதம் பரப்ப வரும் மார்மன் கிறிஸ்தவ சபை ஊழியர்களைக் குடும்பப் பெயரால்தான் அழைக்க வேண்டுமாம். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் இருந்த அப்பாவின் பெயரைக் கறுப்பு பேட்ஜில் பொறித்துச் சட்டைப்பையில் மாட்டிவிட்டார்கள். காலை பத்து மணியிலிருந்து பனியில் வீடு வீடாகத் தட்டுவேன். யாராவது எட்டிப்பார்த்தால், "நான் நாச்சிமுத்து" என்று அவர்கள் மொழியில் ஆரம்பிப்பேன். கதவு சாத்தப்பட்டுவிடும். சாத்திய கதவின் முன் என்னால் நிற்க முடியாது. கூட்டாளி கோஸ்டா திரும்புவதற்குள் அடுத்த வீட்டுப் படியேறியிருப்பேன்.

அப்பா பெருந்துறையில் கேஸ் சிலிண்டர் போடுகிறவர். தெருமுனையில் அவர் குரல் கேட்டாலே கதவைத் திறந்து வைத்துவிடுவார்கள். நான் ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. திங்கட்கிழமைதோறும் வீடியோ காலில் அம்மா மட்டும்தான் வருவாள்.

இன்று சட்டை எடுக்க அவள் பின்னால் வந்த அப்பா, திரையைப் பார்த்து நின்றுவிட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து, என் பேட்ஜை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"என்ற பேரு எதுக்குடா அங்க?"

"இங்க எனக்கு உங்க பேருதானுங்கப்பா. அதச் சொல்லித்தான் ஒவ்வொரு வீடாத் தட்டறேன்."

அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா போனைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

"எத்தன பேருடா தொறந்தாங்க?"