புரை ஏறினால்

"மனுஷியாடி நீ? ஒரு வாயில்லா ஜீவனை இப்படிப் பண்ணி வச்சிருக்கியே!"

மாட்டு டாக்டரம்மா தொழுவத்துக்குள் காலை வைக்கும்போதே வீட்டுக்காரரின் சத்தம் காதைப் பிளந்தது. அவர் மனைவி காலிப் பாட்டிலோடு தூணோரம் நின்றிருந்தாள்.

பசு கழுத்தை நீட்டி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது. மூக்கில் நுரை. டாக்டரம்மா விலாவில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். உள்ளே கொரகொரவென்று ஈரச் சத்தம்.

"என்ன ஆச்சு?"

"நேத்து லேசா வயிறு உப்பியிருந்துச்சு டாக்டர். கொஞ்சம் எண்ணெய் ஊத்துடின்னு இவகிட்ட சொல்லிட்டு வெளியே போனேன். அவ்வளவுதான் நான் பண்ணின தப்பு. வந்து பார்த்தா இப்படி நிக்குது."

டாக்டரம்மா அவளிடம் திரும்பினார். "தலையை அண்ணாந்து தூக்கிப் பிடிச்சியா?"

தலையாட்டினாள்.

"மூக்கையும் பொத்தினியா?"

அதற்கும் தலையாட்டினாள்.

"இருமியிருக்குமே?"

"இருமுச்சு. மிச்சத்தையும் ஊத்தி முடிச்சுட்டேன்."

அடிப்பாவி என்றிருந்தது டாக்டரம்மாவுக்கு. "எண்ணெய் வயித்துக்குப் போகலை. நுரையீரலுக்குள்ளே போயிருக்கு."

"பொழைக்குமா டாக்டர்? எங்க வீட்டுல அடுப்பு எரியறதே இதோட பாலாலதான்!"

டாக்டரம்மா ஊசி மருந்தை ஏற்றிப் போட்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "என்னால ஆனதைப் பண்ணிட்டேன். ஆனா எண்ணெயாச்சே. ரொம்ப நம்பிக்கை வைக்காதீங்க."

வீட்டுக்காரர் பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். தொழுவத்தில் பசுவுக்கென்றே ஒரு ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. மாட்டின் மேல் இவ்வளவு உயிரை வைத்திருக்கிற மனுஷனுக்குப் போய் இப்படி ஒருத்தி வாய்த்திருக்கிறாளே என்று டாக்டரம்மா நினைத்துக்கொண்டார்.

"எப்படி ஊத்தணும்னு இவ மண்டையில ஏறுற மாதிரி சொல்லிட்டுப் போங்க டாக்டர். இன்னொரு உயிர் போகக் கூடாது."

"இங்கே பாரும்மா. தலையை முதுகு மட்டத்துக்கு மேல தூக்கவே கூடாது. நாக்கை இழுக்காதே, மூக்கைப் பொத்தாதே. கடைவாய் ஓரமா கொஞ்சமா விடு. முழுங்கின பிறகுதான் அடுத்த வாய். இருமினா புரை ஏறுதுன்னு அர்த்தம், உடனே தலையை விட்டுடணும். முழுங்கத் தெம்பில்லாம கிடந்தா வாய் வழியா எதையும் ஊத்தாதே, எங்களைக் கூப்பிடு."

"காதுல விழுந்துச்சாடி? இருமினா விட்டுடணும்! அதுக்கும் வலிக்கும்ல? அவசர அவசரமா ஊத்திட்டு டிவி முன்னாடி போய் உட்கார்ந்திருப்பே!"

அவள் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன அழுத்தம் பாருங்கள்! ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

டாக்டரம்மா வாளித் தண்ணீரில் கை கழுவக் குனிந்தார். வீட்டுக்குள்ளிருந்து ஓர் இருமல் கேட்டது. கொரகொரவென்று அதே ஈரச் சத்தம். சோப்பு கையிலேயே நின்றது.

"உள்ளே கன்னுக்குட்டி ஏதாவது கட்டியிருக்கீங்களா? அதுக்கும் ஊத்தினீங்களா?"

அந்த அழுகையிலும் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கன்னுக்குட்டியா! எங்க அப்பா டாக்டர். வாதம் வந்து படுத்த படுக்கையா கிடக்கார். கொஞ்ச நாளா இந்த இருமல்தான். வயசாச்சு, வேற என்ன? அவருக்கு மருந்து கொடுக்கறதைக்கூட இவளை நம்பி விடறதில்லை. வேலைக்குப் போற அவசரத்திலும் நானே கொடுத்துட்டுத்தான் போவேன். அதை விடுங்க, நீங்க மாட்டைப் பாருங்க."

இருமல் நிற்கவில்லை.

டாக்டரம்மா ஈரக் கையோடு அவள் பக்கத்தில் வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"ஏம்மா, மூக்கைப் பொத்தி ஊத்தணும்னு உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?"

அவள் முதல்முறையாக நிமிர்ந்தாள். புருஷனைப் பார்த்தாள். அப்புறம் இருமல் வந்த அறையைப் பார்த்தாள்.

"யாரும் சொல்லிக் கொடுக்கலை டாக்டர். இவர் தினமும் மாமாவுக்கு ஊத்தற மாதிரியேதான் ஊத்தினேன்."