நகைக்கடை அஜித்

"கஸ்டமருக்கே வேலை பண்ணிருக்கேன்னு சொல்றீங்க. அவங்க நம்பரைக் குடுங்க. பேசிட்டு இன்னிக்கே ஆஃபர் அனுப்பிடறோம்" என்றாள் போனில், வேலைக்கு மனுப் போட்டிருந்த சென்னைக் கம்பெனியின் ஷெர்லின்.

மெஹ்ரீனிடம் நம்பர் இல்லை.

ஸ்ரீரங்கத்தில் அவள் சாஃப்ட்வேர் படித்த சென்டரில், நிஜ அனுபவம் வேண்டும் என்று ஒரு நகைக்கடைக்கு பில்லிங் மென்பொருள் எழுதக் கொடுத்திருந்தார்கள். கடையின் பெயரைச் சொல்லவில்லை. குறைகளை மட்டும் அஜித் என்பவர் ஈமெயிலில் எழுதுவார்.

விடாக்கண்டர். பழைய நகையைக் கொடுத்துப் புதிது வாங்கினால் சேதாரம் இரண்டு முறை சேர்கிறது என்று எழுதி, அதைச் சரிசெய்யும்வரை அவளைத் தூங்க விடவில்லை.

அவருக்கே எழுதினாள். என் எண் இது, தயவுசெய்து கூப்பிடுங்கள், ஓர் உதவி வேண்டும்.

அம்மாமண்டபம் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கையில் போன் வந்தது.

"மேடம், அஜித்துங்க. நானே உங்களப் பிடிக்கணும்னு இருந்தேன். நான் ஒழுங்கா டெஸ்டிங் பண்ணேன்னு உங்க கம்பெனிலேர்ந்து ஒருத்தர் சொன்னாப் போதும், எனக்கு வேலை கெடச்சிரும்."

மெஹ்ரீனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"எந்தக் கம்பெனி? நீங்க நகைக்கடைதானே?"

"நகைக்கடையா? நான் உப்பிலியபுரங்க. ஸ்ரீரங்கத்துல ஒரு சாஃப்ட்வேர் சென்டர் இருக்குல்ல, அதோட மலைக்கோட்டை பிராஞ்ச்ல டெஸ்டிங் படிக்கிறேன். நீங்க பெங்களூர் கம்பெனின்னு சார் சொன்னாரே?"

பஸ் வந்தது. அவள் ஏறவில்லை.

கடை இல்லை. கம்பெனியும் இல்லை. இருவரும் ஒரே சென்டரின் மாணவர்கள். அப்படியானால் இத்தனை நாள் அவள் யாருக்காக விழித்திருந்தாள்?

"அந்தச் சேதாரத் தப்பு? அதுவும் சார் எழுதச் சொன்னதா?"

"இல்லீங்க. எங்கம்மா தோடு மாத்துன பில்லு வீட்ல இருந்துச்சு. அதப் போட்டுப் பாத்தேன். உங்க கணக்குல தொகை கூடுதலா வந்துச்சு."

தப்பு நிஜம். அதைத் திருத்தியதும் நிஜம்.

காதருகே போன் அதிர்ந்தது. காத்திருப்பில் ஷெர்லினின் அழைப்பு.

"மேடம், உங்க நம்பரை எனக்கு வேலை தர்றவங்களுக்குக் குடுக்கட்டுங்களா?"

"குடுங்க. கஸ்டமர் யாருன்னு எனக்கும் ஒரு கம்பெனி கேக்குது, உங்க நம்பரையே நான் குடுக்கறேன்."

"சரிங்க மேடம்."

"மேடம்னு கூப்பிடாதீங்க" என்றாள் மெஹ்ரீன். பிறகு கொஞ்சம் யோசித்து, "இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் மட்டும் கூப்பிடுங்க" என்றாள்.